குஷாய்குடாவுக்கு வந்த ஹேசல்நட் கன்று

குஷாய்குடா, ஹைதராபாத்
12 நவம்பர் 2023

கர்த்தருக்குள் பிரியமான தம்பி சுனிலுக்கு,

அக்கா புஷ்பா எழுதுவது. நானும் அப்பாவும் தேவ கிருபையால் சுகம். அந்த மலைக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது, அதனால் எழுதினேன். மேலே படி.

போனில் உன்னைப் பிடித்தால் "ஹலோ, கேக்குதாக்கா, டவர் இல்ல" என்றே பாதி நேரம் போகிறது. மீதி நேரம் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறார். கடிதம் என்றால் நீ நழுவ முடியாது.

என் முழங்கால் போய்விட்டது. மூட்டை மாற்றியே ஆக வேண்டும், மார்ச்சில் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். அதன்பின் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதாம். நான் தூக்குகிற கனம் ஒன்றே ஒன்றுதான், அது அப்பா. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவரை எழுப்பி உட்காரவைப்பது, பாத்ரூமுக்குக் கொண்டுபோவது, ராத்திரி புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான். பகலில் உதவிக்கு யாதம்மா வருகிறாள். இருட்டும் முன் அவள் வீட்டைப் பார்க்கப் போய்விடுவாள். அந்த ஆறு வாரம் மட்டும் நீ வந்து இரு. இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

போன வாரம் ஏதோ ஹேசல்நட் மரம் அனுப்பட்டுமா என்றாய். சாக்லேட்டுக்குள் இருக்குமே, அந்தக் கொட்டையா? நம் தோட்டம் எத்தனை பெரிது என்று உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு கறிவேப்பிலை, ஒரு கொய்யா, துணிக்கொடி. துணிக்கொடியைப் பிடுங்கினால்தான் இன்னொரு மரம். அது வேண்டாம் தம்பி. மார்ச்சைப் பற்றிப் பதில் எழுது.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்,
புஷ்பா அக்கா


கின்னோர், ஹிமாச்சல்
3 டிசம்பர் 2023

அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நல்ல சுகம். உங்கள் சுகமும் அப்பா சுகமும் அறிய ஆவல். இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. அணைக்கட்டு வேலை பாதி நின்று, பாதி நடக்கிறது.

முழங்கால் வலி என்று படித்து வருத்தமாக இருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மார்ச்சில் லீவு எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்ல முடியவில்லை. பார்க்கலாம்.

மரத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் அக்கா. துணிக்கொடியை மாடிக்கு மாற்றலாமே. ஹேசல்நட் பெரிய மரமாகப் போகாது, புதர் மாதிரி நிற்கும். மேற்கு வெயில் படாத மூலை வேண்டும், வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. குளிர்காலத்தில் ஆயிரம் மணி நேரமாவது நல்ல குளிர் கிடைத்தால்தான் பூக்கும். ஹைதராபாதில் அது கிடைக்காது, தெரியும். காய்க்காவிட்டால் பரவாயில்லை. நம் வீட்டில் அது உயிரோடு நின்றால் போதும்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
சுனில்


குஷாய்குடா
20 டிசம்பர் 2023

பிரியமான தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி?

உன் கடிதத்தில் முழங்காலுக்கு இரண்டு வரி, மரத்துக்கு ஒரு பக்கம். சரி, போகட்டும். நர்சரிக்காரனிடம் விசாரித்துவிட்டேன். சிரிக்கிறான். "நக்கோ மேடம், இதர் நக்கோ. ஓ டண்டி கா ஜாட் ஹை" என்கிறான். இங்கே வேண்டாமாம், குளிர்தேசத்து மரமாம், மே மாத வெயிலில் சுருண்டுவிடுமாம். காய்க்காத மரத்துக்குத் தண்ணீர் சுமக்க இந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

ஆனால் அப்பாவிடம் உளறிவிட்டேன். அன்றிலிருந்து, "சுனிலு மரம் அனுப்புதானாம்" என்று பால்காரனிலிருந்து பாஸ்டர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

ஆபரேஷன் மார்ச் பதினொன்று. டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம்? வருகிறாயா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுது.

கேக் அனுப்பவில்லை. இந்த வருடம் நான் செய்யவில்லை.

புஷ்பா


கின்னோர்
17 ஜனவரி 2024

அன்பான அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். குளிரைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. நீங்கள் இருவரும் சுகமா?

என்னோடு வேலை பார்க்கும் உமேஷ் பேகம்பேட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு வருகிறார். அவர் கையில் கன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வேரில் ஈரச் சாக்கு சுற்றியிருக்கும். பார்க்கக் காய்ந்த குச்சி மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், உறங்குகிறது. உடனே நட்டுவிடுங்கள். பிப்ரவரி வரைக்கும் ராத்திரி அடிமண்ணில் கொஞ்சம் ஐஸ்கட்டி போட்டால் நல்லது என்று இங்கே தோட்டத்தில் சொன்னார்கள்.

நட்டதும் ஒரு போட்டோ வேண்டும். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டு வாசலும் தெரிகிற மாதிரி. மறக்காதீர்கள் அக்கா.

லீவு கஷ்டம்தான். முயற்சி செய்கிறேன்.

அன்புடன்,
சுனில்


குஷாய்குடா
31 ஜனவரி 2024

தம்பி சுனிலுக்கு,

உன் குச்சி வந்து சேர்ந்தது. நாங்களும் இருக்கிறோம்.

உமேஷ் வருகிறார் என்று தெரிந்த அன்று அப்பா காலையிலேயே வெள்ளைச் சட்டை கேட்டார். ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். நாற்காலியை வாசலுக்கு இழுக்கச் சொன்னார். நீயே மரத்தோடு வருகிறாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது புரியவில்லை. ஆட்டோ வந்தது, உமேஷ் இறங்கினார். அப்பா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "சுனிலு எங்க?" என்றார். அந்த மனிதர் பாவம், இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் போனார்.

யாதம்மா குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செட்டா அம்மா, கட்டெயா?" என்றாள். மரமா விறகா என்று கேட்கிறாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஐஸ்கட்டி! ராத்திரி அப்பாவைப் புரட்டிப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, நான் ஒரு குச்சிக்கு ஐஸ் வைக்க வேண்டும். எனக்கு வைக்க அந்த ஐஸ் போதவில்லை தம்பி.

கன்று வாளியில் இருக்கிறது. என்னால் குனிந்து குழி தோண்ட முடியாது, ஆள் வைத்துத் தோண்டவும் மாட்டேன். நீ வா. வந்து நீ தோண்டி நீ நடு. சால்வை, ஸ்வெட்டர், குங்குமப்பூ, ஆப்பிள் பெட்டி என்று வருடா வருடம் நீ வராமல் ஏதாவது ஒன்றை அனுப்புகிறாய். இந்த வருடம் மரம். எனக்குச் சாமான் வேண்டாம், ஆள் வேண்டும்.

ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பதில் எழுது.

புஷ்பா


குஷாய்குடா
28 பிப்ரவரி 2024

சுனிலுக்கு,

சுகம். உன்னிடமிருந்து பதில் இல்லை. போனும் இல்லை.

டாக்டரிடம் போய் மார்ச் தேதியை ரத்து செய்துவிட்டு வந்தேன். "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என்று கேட்டார். தம்பி இருக்கிறான், பெரிய வேலை என்று சொன்னேன்.

உன் கன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் அறுப்பின் பண்டிகை. நம் ஏலம் உனக்கு நினைவிருக்கும். வாழைத்தார், கோழி, பூசணிக்காய், கேக் என்று அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம். நான் வழக்கமாகக் கொய்யா கொண்டுபோவேன். இந்த வருடம் வாளியோடு உன் கன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

கோபத்தில்தான் செய்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் மேடையில் ஏற்றியபோது அது ஒரு மொட்டு விட்டிருந்தது. ஏலம் விடுகிறவர், "சாக்லேட் மரம், சாக்லேட் மரம்!" என்று கூவ, பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்த, ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று ராஜம் எடுத்துவிட்டார். பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர், அமீர்பேட்டில் லேடீஸ் ஹாஸ்டல் வைத்திருக்கிறாரே, அவர்தான். நல்ல விலைக்குப் போனது. பணத்தைக் கோயில் கட்டடக் கணக்கில் சேர்த்தாயிற்று. உனக்குப் பெயர் வேண்டுமென்றால், "சகோதரர் சுனில் காணிக்கை" என்றுதான் வாசித்தார்கள்.

துணிக்கொடி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

புஷ்பா


கின்னோர்
19 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் இரண்டு கடிதமும் என் மேஜையில் இருக்கின்றன. இதைத் தொடங்கி நாலு முறை கிழித்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. ரெஜிஸ்டர் கல்யாணம். பெயர் பிம்லா. இந்த ஊர்ப் பெண், அங்கன்வாடியில் டீச்சர். இந்துக் குடும்பம். சித்தி மகள் வெளியே கல்யாணம் பண்ணியபோது அப்பா பத்து வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதை நினைத்தே சொல்லவில்லை. உங்களிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிம்லா வீட்டு முற்றத்தில் ஒரு பழைய ஹேசல்நட் இருக்கிறது. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அந்த மரத்திலிருந்து ஒரு கன்று முதலில் போக வேண்டும். அது அங்கே மண்ணில் நின்ற பிறகுதான் பெண் அந்த வாசலில் கால் வைப்பாள். பிம்லாவின் அக்கா மூன்று பேருக்கும் அப்படித்தான் போனது. அவள் அம்மா இரண்டு வருடமாகக் கேட்கிறார், "உன் புருஷன் வீட்டில் மரம் நட்டாயிற்றா?" என்று. அதற்குத்தான் போட்டோ கேட்டேன்.

அங்கே கன்று நின்றுவிட்டது என்று அவள் அம்மாவுக்குக் காட்டி, அவளை அழைத்துக்கொண்டு மார்ச்சுக்கு வரலாம் என்று நினைத்திருந்தேன். அவளை இங்கே விட்டுவிட்டு, கல்யாணமாகாதவன் மாதிரி வந்து அப்பா முன்னால் உட்கார எனக்குத் தைரியம் இல்லை. ராஜம் அம்மாவிடம் கேட்டுத் திரும்ப வாங்க முடியுமா அக்கா?

மன்னித்துக்கொள்ளுங்கள்.

சுனில்


குஷாய்குடா
3 ஏப்ரல் 2024

சுனிலுக்கு,

இருவரும் இருக்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையில் கிடைத்த டம்ளரை எறிந்தேன். எவர்சில்வர், உடையவில்லை. கல்யாணம் பண்ணினாய் என்பதற்கு அல்ல. இரண்டு வருடமாக உனக்கு ஒரு நல்ல பெண் அமைய வேண்டும் என்று நான் முழங்கால்படியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தேனே, பாவி, அதற்கு. ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கன்றை நான் பல்லால் குழி தோண்டியாவது நட்டிருப்பேன்.

அமீர்பேட்டுக்குப் போனேன். மெட்ரோ படி, அதன்பின் ஹாஸ்டல் படி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. கன்று மொட்டை மாடியில் இருக்கிறதாம். ராஜத்திடம் விஷயத்தை முழுதாகச் சொல்ல வாய் வரவில்லை, தம்பி ஆசைப்படுகிறான் என்று மட்டும் சொன்னேன். "கர்த்தருக்குக் கொடுத்தத திரும்பக் கேக்கியளா புஷ்பா? நான் ஒங்ககிட்ட வாங்கல, அவர்கிட்டல்லா வாங்கிருக்கேன்" என்றார். ஏலத்தில் எடுத்த கோழியை யாரும் திருப்பிக் கேட்டதில்லை, நியாயம்தான். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு மனம் இளகி, "சரி, எடுத்துக்கிடுங்க, மேல வாங்க" என்றார்.

மேலே ஒரு நீல டிரம்மில் இருந்தது. பிள்ளைகளின் துணிகளுக்கு நடுவே, தண்ணீர் டாங்குக்குப் பக்கத்தில், தகரக் கூரையில் பட்டுத் தெறிக்கும் வெயில் முழுவதும் அதன்மேல். மூன்று இலை விட்டிருக்கிறது. மூன்றும் கருகியிருந்தன. குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. வேர்ப்பக்கமும் கீறிப் பார்த்தேன்.

ராஜம் தினம் தண்ணீர் விட்டிருக்கிறார். அவர் மேல் தப்பு இல்லை. என் கையால் போனது.

புஷ்பா


கின்னோர்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கால் வலியோடு அத்தனை படி ஏறியதைப் படித்து வேதனையாக இருந்தது.

பிம்லாவிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கு ஒன்று தோன்றுகிறது. பட்டுப்புழுவுக்குப் போடும் முசுக்கொட்டைச் செடியின் இலை ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும். உங்கள் நர்சரியில் கிடைக்கும். ஒன்று வாங்கித் தோட்டத்தில் வைத்து, அப்பாவோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவள் அம்மாவுக்குக் கண் அவ்வளவு தெரியாது. நாங்கள் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

சுனில்


குஷாய்குடா
25 ஏப்ரல் 2024

சுனிலுக்கு,

சுகம்.

முசுக்கொட்டை வைக்க மாட்டேன். ஒளித்தது நீ, கொன்றது நான். இது போதும். அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே அந்தச் செடியைப் பார்ப்பாள். பிறந்ததிலிருந்து ஹேசல்நட் மரத்தடியில் வளர்ந்தவளுக்கு இலை தெரியாதா? அப்புறம் ஆயுசுக்கும் இந்த வீட்டில் எதை நம்புவாள்?

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உனக்காகக் காத்திருந்தால் இன்னொரு பத்து வருடம் ஆகும். கஞ்சியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேரென்ன?"

"பிம்லா."

"முறையாக் கெட்டிருக்கானா, ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிருக்கானா?"

"முறையாத்தாம்ப்பா. ரெஜிஸ்டர் பண்ணிருக்கான்."

"அப்பறம் எதுக்கு ஒளிஞ்சிக்கிட்டு நிக்கான்?"

கேட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராத்திரி சாப்பிடவில்லை. காலையில் சாப்பிட்டார். கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தை நீ பிம்லாவுக்கு அப்படியே ஹிந்தியில் படித்துக் காட்ட வேண்டும். கன்று வந்தது, நட மறுத்தது நான், ஏலத்தில் கொடுத்தது நான், வெயிலில் செத்துப்போனது. அது அவள் வீட்டுக் கன்று என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் தப்பு தப்புதான். என்னை மன்னிக்கச் சொல்.

உன் அக்கா


கின்னோர்
12 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமா? நாங்கள் சுகம். "நாங்கள்" என்று இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டினேன். பிம்லா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் அம்மா வீட்டுக்குப் போய் அவளே சொல்லியிருக்கிறாள். அங்கே பெரிய ரகளை. மரம் செத்த வீட்டுக்குப் பெண்ணை அனுப்புவதா என்று அவள் அம்மா அழுதிருக்கிறார். இப்போது தாயும் மகளும் பேச்சு இல்லை.

நேற்று ரொட்டி சுட்டுக்கொண்டே என்னைக் கேட்டாள், தீதிக்கு, அதாவது அக்காவுக்கு, எந்தக் கால் என்று. முழங்கால் என்றேன். "அது தெரியும், எந்தக் கால்? வலதா இடதா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதமாகக் கடிதம் வருகிறது, இதுகூடக் கேட்கவில்லையா என்றாள். நான் எழுந்துபோய் உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எங்கேயும் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. கட்டிலை எந்தப் பக்கம் போட வேண்டும், எந்தப் பக்கம் இறக்கிவிட வேண்டும் என்பதற்கு அது தெரிய வேண்டுமாம். அவள் அம்மாவுக்குக் கால் முறிந்தபோது பார்த்துக்கொண்டது அவள்தானாம்.

அங்கன்வாடிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜூன் முதல் வாரம் புறப்படலாம் என்கிறாள். எனக்கு லீவு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அவள் கேட்டதற்கும் பதில் எழுதுங்கள்.

சுனில்


குஷாய்குடா
20 மே 2024

கர்த்தருக்குள் பிரியமான பிம்லாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? இங்கே அப்பா சுகம். நான் சுகமில்லை. உன்னிடம் சுகம் என்று எழுத வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

வலது கால். இடதும் தேய்ந்திருக்கிறது, ஆனால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்கிறார் டாக்டர். கட்டில் இப்போது சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. நீ வந்து பார்த்து எந்தப் பக்கம் சொல்கிறாயோ அந்தப் பக்கம் போடலாம். ஜூன் கடைசியில் தேதி கேட்கிறேன்.

அப்பா அதிகம் பேச மாட்டார். பேசினால் கத்துவார். பக்கவாதம் வருவதற்கு முன்பும் அப்படித்தான், அதனால் உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. கொஞ்சம் கோபமும் இருக்கும். எனக்கு ஹிந்தி பேச வரும், எழுத வராது, இதைச் சுனில் படித்துச் சொல்லட்டும். என் ஹைதராபாத் ஹிந்தியைக் கேட்டு நீ சிரிக்கலாம்.

கன்று எதுவும் கொண்டுவராதே. இந்த வெயிலில் இன்னொன்றைச் சாகவிட என்னால் முடியாது. அது உங்கள் ஊரிலேயே நிற்கட்டும். நீ மட்டும் வா. உன் அம்மாவிடம் நானே போனில் பேசுகிறேன், நம்பரை எழுது. அவர் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

சுனில், இதற்குமேல் உனக்கு மட்டும். அவளுக்குப் படித்துக் காட்டாதே.

எந்தக் கால் என்ற அந்த ஒரு கேள்வியைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். யாதம்மா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுவிட்டாள். டாக்டரைத் தவிர ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஒரு மரத்துக்கு எத்தனை மணி நேரம் குளிர் வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அவள் என்னைப் பார்த்ததுகூட இல்லை.

உனக்கு லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் அவளை மட்டும் ரயில் ஏற்றிவிடு. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

புஷ்பா